நல்லா இருக்கேன் மேடம்

உள்ள வாங்க தம்பி. செருப்பு அங்கயே கெடக்கட்டும், யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. ஃபேனுக்கு நேரா உக்காருங்க. இந்த ஊர்ல கரண்ட் இருக்கும்போதே காத்து வாங்கிக்கணும்.

லிஸ்டக் குடுங்க பாப்போம். கண்ணாடிய எங்க வச்சேன்... ம், ஆமா, இது எங்க பேட்ச்தான். தையல் மெஷின் ஆபரேட்டர், மூணு மாசக் கோர்ஸ், முப்பது பொண்ணுங்க. கவர்மென்ட் செலவுல படிப்பு, முடிச்சதும் வேலை. இதுக்கு ஊர் ஊராப் போயி ஆள் புடிச்சது நான்தான். புடிச்ச ஆளு ஓடிப் போகாம காவல் காத்ததும் நான்தான். சென்டர மூடி ஒன்றரை வருஷம் ஆச்சு. அந்தப் பொண்ணுங்க இப்ப என்ன பண்றாங்கன்னு கேக்க இப்பதான் உங்கள அனுப்பியிருக்காங்க. அனுப்புனாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்.

பேப்பர்ல ஒருங்கிணைப்பாளர் இந்திராணின்னு என் பேரு இருக்கா? இருக்கும். அந்தச் செவுத்துல பாருங்க, காலண்டருக்குப் பக்கத்துல. ஷீல்டு. மாவட்டத்துலயே சிறந்த ஒருங்கிணைப்பாளர்னு இந்த பேட்ச்சுக்குத்தான் குடுத்தாங்க. சால்வையும் போத்துனாங்க. அத வீட்டுக்காரரு மழைக்குத் தலையில போட்டுக்கிட்டுப் போயி எங்கயோ விட்டுட்டு வந்துட்டாரு.

எழுதிக்கங்க. மூணாம் நம்பர் கல்யாணமாகி பெண்ணாடத்துல இருக்கு. எட்டாம் நம்பர் இன்னும் திருப்பூர்லதான், லைன் சூப்பர்வைசர் ஆயிடுச்சு. போன தீபாவளிக்கு எனக்குச் சேலை குடுத்தனுப்புச்சு. பன்னெண்டு சொந்தமா மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்குது, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல போர்டே வச்சிருக்கு. இதையெல்லாம் நல்லா பெருசா எழுதுங்க தம்பி.

பதினேழா? பதினேழ கடைசில பாத்துக்கலாம். டீயக் குடிங்க மொதல்ல.

இல்ல, நீங்க அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. பக்கத்துல சிவப்பு மையில சுழிச்சு வேற இருக்கு. சரி. பதினேழாம் நம்பர் மேகலா. ஊரு மேலக்காடு. இங்கேருந்து ஆறு கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் முந்திரிக் காடு. வேலையில இருக்காளா இல்லையா, ஒத்த வார்த்தையில சொல்லுங்கன்னா எனக்குச் சொல்லத் தெரியல. கொஞ்சம் பொறுமையா கேளுங்க. ஆனா ஒண்ண மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். அந்தப் பொண்ணு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நான் போயிப் பாக்காம இருந்திருப்பேனா? என்னைத் தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

நான் அந்த ஊருக்கு ஆள் சேக்கப் போனப்ப வீட்டுக்கு வீடு முந்திரிக்கொட்ட உடைச்சுக்கிட்டு இருந்தாங்க. முந்திரித் தோலுல ஒரு எண்ணெய் இருக்கு தம்பி. கையில பட்டா தோலு வெந்து உரியும். அதுக்குத்தான் கையில சாம்பலப் பூசிக்கிட்டு உடைப்பாங்க. பூசினாலும் உரியத்தான் செய்யும். மேகலாவும் அவங்கம்மா தனக்கோடியும் வாசல்ல உக்காந்து கட்டையால தட்டிக்கிட்டு இருந்தாங்க. அப்பா இல்ல, சின்னதுலயே போயிட்டாரு. அம்மாவும் பொண்ணுந்தான். நான் மேகலாவோட கையப் பாத்தேன். பத்தொம்பது வயசுப் பொண்ணு கைன்னு சொல்ல முடியாது. கறுத்து, வெடிச்சு, நுனியெல்லாம் மழுங்கிப் போயி. "ஏம்மா, இந்தக் கைய வச்சுக்கிட்டு இவளுக்கு நாளைக்கு எப்படி மாப்பிள்ளை பாப்பீங்க? எங்கிட்ட அனுப்புங்க, மூணு மாசத்துல வேற கையாக்கி அனுப்புறேன்"ன்னு சொன்னேன். அப்படியேதான் சொன்னேன்.

தனக்கோடி ரொம்ப யோசிச்சுச்சு. "இவ யாருகிட்டயும் வாயத் தொறந்து பேச மாட்டா மேடம். ஒரு டம்ளர் தண்ணி வேணும்னாகூட கேக்க மாட்டா, நாமளா பாத்துக் குடுத்தாத்தான். இவள எப்படி வெளியூருக்கு விடுறது?"ன்னு கேட்டுச்சு. அதுக்கு நான், "பேசுறதுக்கும் சேத்துத்தாம்மா பயிற்சி"ன்னேன்.

சேந்துட்டா. சேந்த அன்னைக்கே பிரச்சனை. அட்டெண்டென்ஸ் மெஷின் அவ விரல எடுக்கல. உங்க பைக்குள்ள இருக்கே, அதே மாதிரி சின்ன மெஷின்தான், விரல வச்சா பச்ச லைட் எரியணும். இவ எந்த விரல வச்சாலும் சிவப்புதான். ரேகையே இல்லையே, எல்லாத்தையும் முந்திரி எண்ணெய் தின்னுடுச்சே! ஆளு முழுசா எதிர்ல நிக்குறா, மெஷின் ஆப்சென்ட்டுங்குது. பத்து நாள் அப்படியே போச்சு. ஆப்சென்ட் கூடினா பேரு அடிபட்டுப் போயிடும். சென்டர் முதலாளி, அவர சார்னுதான் சொல்லுவோம், அவரு "இந்தப் பொண்ண எடுத்துட்டு வேற ஆளப் போடுங்க"ன்னுட்டாரு. நான் விடலயே. மேலக்காட்டுக்குப் போயி, "இன்னைலேருந்து இவ முந்திரி தொடக் கூடாது"ன்னு தனக்கோடிகிட்ட சத்தியம் வாங்காத குறையா சொல்லிட்டு வந்தேன். தெனமும் படுக்கப் போறதுக்கு முன்னாடி தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன். சென்டர்லயும் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுனதும் நானே வாசலின் தடவி விடுவேன். பதினாறாவது நாளு. ஆள்காட்டி விரல வச்சா, பச்ச லைட். கிளாஸே கை தட்டுச்சு. அன்னைக்குத்தான் அவ பல்லு தெரிய சிரிச்சு நான் பாத்தேன். விரல அப்படியே தூக்கிப் புடிச்சுக்கிட்டு எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தா.

எந்த விரலுன்னா... ஆள்காட்டி விரல். வலது கை.

நல்ல வேலைக்காரி தம்பி. தைக்க உக்காந்தா கோடு போட்ட மாதிரி தைப்பா. பேச்சுதான் வராது. அதுக்குத்தான் என்னோட போன் கிளாஸ்.

போன் கிளாஸ்னு உங்க சிலபஸ்ல இருக்காது, அது நானா வச்சது. வேலைக்குச் சேந்ததுக்கப்புறம் மூணு மாசம், மாசம் பொறந்தா மெட்ராஸ்லேருந்து பொண்ணுங்களுக்குப் போன் வரும். சரிபாக்குறவங்க. மூணு கேள்வி கேப்பாங்க. வேலையில இருக்கீங்களா? சம்பளம் சரியா பேங்க்ல வருதா? தங்குற எடம், சாப்பாடு எல்லாம் நல்லா இருக்கா? அம்புட்டுதான். மூணு மாசமும் இத்தனை பேரு நல்லா இருக்கேன்னு சொன்னாத்தான் அந்த பேட்ச்ச ஏத்துக்குவாங்க, சென்டருக்கு அடுத்த பேட்ச் குடுப்பாங்க. இதுக்கு முந்தின பேட்ச்ல பிரேமான்னு ஒருத்தி இருந்தா. வாயாடி. "சாப்பாடு நல்லா இருக்காம்மா?"ன்னு போன்ல கேட்டதுக்கு, "சாம்பார்ல பல்லி கெடந்துச்சு சார்"னு ஆரம்பிச்சு, பாத்ரூம் தாழ்ப்பாள் வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லிட்டா. அந்தப் பல்லியால இந்த பேட்ச்சக் குடுக்காம நாலு மாசம் இழுத்தாங்க. சார் என்னைக் கூப்பிட்டு, "இனிமே தைக்கிறத விட இதச் சொல்லிக் குடுங்க"ன்னாரு.

அதனால வெள்ளிக்கிழமை மத்தியானமானா நான் ஆபீஸ் ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு உக்காந்துக்குவேன். கிளாஸ்ல இருக்குற போனுக்கு நானே அடிப்பேன். ஒவ்வொருத்தியா வந்து எடுக்கணும். நான் ஆம்பளக் கொரலு மாதிரி கட்டக் கொரல்ல, "மெட்ராஸ்லேருந்து பேசுறோம்"னுவேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பா கேக்கும். பதில் பிசகுனா மறுபடி முதல்லேருந்து. "நல்லா இருக்கேன் சார். வேலை பிடிச்சிருக்கு சார். சம்பளம் பேங்க்ல வருது சார். சாப்பாடு, தங்குற எடம் வசதியா இருக்கு சார்." தயங்கக் கூடாது, இழுக்கக் கூடாது, கேக்காத எதையும் சொல்லக் கூடாது. இன்டர்வியூவுக்கும் இது உதவும் பாருங்க. தன்னம்பிக்கை வரும்.

மேகலாவுக்கு முதல் நாலு வாரம் போன எடுத்தா மூச்சு சத்தம் மட்டுந்தான் கேக்கும். நான் விடல. மத்தவங்க வீட்டுக்குப் போனதுக்கப்புறம் அவள மட்டும் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தேன். அஞ்சாவது வாரம் சொன்னா தம்பி. கணீர்னு சொன்னா. நான் மெட்ராஸ் ஆளா பேசுறேங்கிறதயும் மறந்துட்டு கடைசியில, "நல்லா இருக்கேன் மேடம்"னுட்டா. மறுபடியும் கிளாஸே சிரிச்சுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. வாயே தொறக்காத பொண்ண நான் பேச வச்சேன்.

பொங்கல் முடிஞ்சு இருபத்தாறு பேர திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்கு வேன்ல ஏத்தி அனுப்புனோம். கம்பெனி பேரு வேணாம், உங்க பேப்பர்லயே இருக்கும். தனக்கோடி வேன் பக்கத்துல நின்னு அவ கையப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. புதுசா முளைச்ச தோலு, எப்படி இருக்கும்? கொழந்தை கை மாதிரி செவசெவன்னு இருந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு தனக்கோடி இந்த வீடு தேடி வந்துச்சு. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தச் சேர்லதான் உக்காரச் சொன்னேன். உக்காராம கீழதான் உக்காந்துச்சு. ஒரு பை நெறைய முந்திரிப்பருப்பு. உடையாத முழுப் பருப்பு, அவங்க வீட்ல சாப்பிட மாட்டாங்க, விக்கிறதுக்கு வச்சிருக்குறது. "என் பொண்ணு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை விடுதியிலேருந்து போன்ல பேசுது மேடம். எவ்வளவு நல்லா பேசுது தெரியுமா? நல்லா இருக்கேன், வேலை பிடிச்சிருக்கு, சம்பளம் பேங்க்ல வருது, சாப்பாடு வசதியா இருக்குன்னு தயக்கமே இல்லாம சொல்லுது. படிச்ச புள்ள மாதிரி பேசுது. எல்லாம் உங்க புண்ணியம்"னு சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பெருமைதான். வேற என்ன இருக்கும்?

ஆனா ஒண்ணு, அம்மாகிட்ட பேசும்போது "சார்" மட்டும் விட்டுட்டாளாம்.

இருங்க, கோழி உள்ள வருது. ஏய், போ. பக்கத்து வீட்டுக் கோழி, எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியிலதான் முட்டை போடணும்னு ஒரே பிடிவாதம். என்ன கேட்டீங்க? மேகலாவுக்குக் கை எப்ப அடிபட்டுச்சுன்னா? அதுவும் உங்க பேப்பர்ல இருக்கா?

மார்ச் மாசம் இருபத்திரெண்டு. அவசர ஆர்டர்னு வேகமா ஓட்டச் சொல்லியிருக்காங்க. ஊசி ஆள்காட்டி விரல்ல எறங்கி, நுனி உள்ளயே உடைஞ்சு நின்னுடுச்சு. தையல் வேலையில ஊசி குத்துறது புதுசு இல்ல தம்பி. எனக்கே நாலு தழும்பு இருக்கு, பாருங்க. ஆனா நுனி உள்ள நின்னா உடனே எடுத்தாகணும். அங்க பிளாஸ்திரி ஒட்டி, வலிக்கு ஒரு மாத்திரையக் குடுத்து, மெஷின்லேருந்து எழுப்பி பிசிறு வெட்டுற எடத்துல உக்கார வச்சுட்டாங்க. இடது கையால வெட்டியிருக்கா. விரல் வீங்கி, உள்ளங்கை வீங்கி, மணிக்கட்டு வரைக்கும் வந்திருக்கு. ஏப்ரல் ஆறாம் தேதி காய்ச்சல்ல அனத்த ஆரம்பிச்சதும், லீவுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கி பஸ் ஏத்தி அனுப்பிட்டாங்க. எந்தக் கையால போட்டாளோ கையெழுத்து.

தனக்கோடி அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுச்சு. டாக்டரு நாலு நாள் பாத்தாரு. விரல எடுக்கலேன்னா கைய எடுக்கணும், கைய எடுக்கலேன்னா உசிரு நிக்காதுன்னுட்டாரு. ஆள்காட்டி விரல எடுத்துட்டாங்க. நடுவிரல் இருக்கு, மடங்காது. அவ்வளவுதான் அந்தக் கை. இப்ப தைக்கவும் முடியாது, முந்திரி உடைக்கவும் முடியாது.

சொல்லியிருக்கலாம்ல தம்பி? பதினஞ்சு நாள்! ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா பஸ் புடிச்சு அன்னைக்கே போயி நிப்பேன். சொல்லல. அழுத்தக்காரி. சின்னதுலேருந்தே அப்படின்னு அவங்கம்மாவே சொல்லியிருக்கு.

மே மாசத்துல தனக்கோடி மேகலாவக் கூட்டிக்கிட்டு, கூடப்பொறந்த தம்பி ஒருத்தரையும் சேத்துக்கிட்டு சென்டருக்கு வந்துச்சு. கம்பெனியில வேலை பாக்கும்போது அடிபட்டதுன்னு எழுதிக் குடுத்தா இழப்பீடு கெடைக்கும்னு யாரோ வக்கீலு சொல்லியிருக்காரு. கம்பெனிலேருந்தும் ஒரு ஆளு வந்திருந்தாரு, மடிப்பு கலையாத சட்டை, மரியாதையான ஆளு. அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "எங்க கம்பெனில அப்படி எதுவும் நடக்கலை. லீவுல வீட்டுக்குப் போனாங்க. முந்திரி சீசன். வீட்ல முந்திரி உடைக்கும்போது கையில பட்டு, அது புண்ணாகி இப்படி ஆகியிருக்கும்."

முந்திரி! நான் எத விட்டுட்டு வாங்கன்னு கூட்டிட்டு வந்தேனோ அது.

தனக்கோடிக்குக் கோவம் வந்துச்சு. "அவ வரும்போதே கை பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடந்துச்சுய்யா"ன்னு கத்துச்சு. உடனே அந்த ஆளு, "அப்படீன்னா இதக் கேளுங்க"ன்னுட்டு, எங்க சார்கிட்ட ரெக்கார்டப் போடச் சொன்னாரு. அந்த மெட்ராஸ் போன் எல்லாம் பதிவாகும் தம்பி, சென்டருக்கும் ஒரு காப்பி வரும். ஏப்ரல் மூணாம் தேதி காலையில பத்தே காலு. கம்ப்யூட்டர்ல போட்டாங்க. மேகலா கொரலு. "நல்லா இருக்கேன் சார். வேலை பிடிச்சிருக்கு சார். சம்பளம் பேங்க்ல வருது சார். சாப்பாடு, தங்குற எடம் வசதியா இருக்கு சார்." கணீர்னு. ஒரு தயக்கம் இல்ல. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே, எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தி.

"இருபத்திரெண்டாம் தேதி அடிபட்ட பொண்ணு மூணாம் தேதி இப்படிப் பேசுமா?"ன்னு கேட்டாரு அந்த ஆளு. நியாயமான கேள்விதானே? தனக்கோடி தரையைப் பாத்துக்கிட்டே, "எங்கிட்டயும் அந்த வாரம் இதேதான் சொன்னா"ன்னுச்சு. அதோட அந்தக் கேஸு முடிஞ்சு போச்சு தம்பி. பெத்த அம்மாவே சொல்லிடுச்சே. பேப்பர்ல, தன் விருப்பப்படி வேலைய விட்டு நின்னுட்டாருன்னு எழுதிட்டாங்க. மூணு மாசம் முடிஞ்சிருந்ததால பேட்ச் பாஸ் ஆயிடுச்சு. ஜூலையில எனக்கு ஷீல்டு குடுத்தாங்க.

எனக்கு மட்டும் என்ன மிச்சம்னு நெனைக்கிறீங்க? அடுத்த வருஷமே சென்டர மூடி என்னையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எட்டு வருஷம் வெயில்ல அலைஞ்சவள ஒரு வார்த்தை கேக்கல. இப்ப அரியலூர்ல புது சென்டர் ஒண்ணு தொறக்குறாங்க, என்னைக் கேட்டிருக்காங்க. ஆள் சேக்கவும், பேசப் பழக்கவும் என்னை விட்டா இந்தப் பக்கம் ஆள் கிடையாது. அதனாலதான் தம்பி, உங்க ரிப்போர்ட்ல...

இல்ல, விடுங்க.

என்ன காட்டுறீங்க? இது என் நம்பர்தான். ஏப்ரல் ரெண்டு, மத்தியானம் மூணு அஞ்சு, விடுதி போனுக்கு. ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு. இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு? சென்டர்ல எனக்குக் குடுத்த போனோட பில்லா? எல்லாத்தையும்தான் வச்சிருக்கீங்க.

ஆமா, பண்ணேன். மெட்ராஸ் போன் வர்றதுக்கு முதல் நாள் எல்லாருக்கும் நானே ஒரு தடவ போன் பண்ணி ஞாபகப்படுத்துவேன். மறந்துடக் கூடாதுல்ல. முப்பதுல இருபத்தொண்ணு பேரு கடைசி வரைக்கும் நின்னாத்தான் பேட்ச் பாஸ். அனுப்புன இருபத்தாறுல அஞ்சு அதுக்குள்ள ஓடி வந்துடுச்சு. சரியா இருபத்தொண்ணு. ஒருத்தி கொறஞ்சாலும் போச்சு. நான் எந்த நெலமையில இருந்தேன்னு நீங்க நெனச்சுப் பாக்கணும்.

பேனாவ மூடுங்க. மூடுங்க தம்பி, அப்பதான் சொல்லுவேன்.

மேகலா போன எடுத்தா. நான், "மேகலா, நாளைக்குப் போன் வரும், ஞாபகம் இருக்கா?"ன்னேன். அவ, "மேடம், கை..."ன்னா. கொரலே சரியில்ல. "மேடம், எனக்குக் கை..."ன்னு ரெண்டாவது தடவையும் சொன்னா. புதுசா வேலைக்குப் போற எல்லாருக்கும் கை வலிக்கும் தம்பி. தோளு வலிக்கும், இடுப்பு வலிக்கும். அந்த வாரத்துல மட்டும் எத்தன பேரு எங்கிட்ட அழுதாங்க தெரியுமா? நான், "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல பதிலச் சொல்லு பாப்போம்"னேன். கொஞ்ச நேரம் மூச்சு சத்தம். அந்தப் பழைய மூச்சு சத்தம். அப்புறம் சொன்னா. நாலையும் சொன்னா, ஒரு பிழை இல்ல. நான் "சபாஷ்"னேன். வச்சுட்டேன்.

அவ்வளவுதான். ஒரு நிமிஷம் நாப்பது செகண்டு.

அன்னைக்கு சென்டர்ல அந்த ரெக்கார்டப் போட்டு முடிச்சதும் எங்க சார் எல்லார் முன்னாடியும் என்னைத் திரும்பிப் பாத்து, "மேடம், உங்ககிட்ட அந்தப் பொண்ணு ஏதாவது சொல்லுச்சா?"ன்னு கேட்டாரு. நான் "இல்ல சார்"னேன். வாயில அதுதான் வந்துச்சு. மேகலா என் எதிர்லதான் நின்னா, கட்டுப் போட்ட கைய துப்பட்டாக்குள்ள வச்சுக்கிட்டு. என்னைப் பாத்தா. கோவமாப் பாத்திருந்தாக்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேன் தம்பி. கிளாஸ்ல அடுத்த பதில் மறந்து போனா பாப்பா பாருங்க, நான் எடுத்துக் குடுப்பேனான்னு, அப்படிப் பாத்தா. அப்புறம் தலைய குனிஞ்சுக்கிட்டா.

அதுக்கப்புறம் ரெண்டு தடவ மேலக்காட்டுக்குப் போனேன். திட்டு வாங்கிட்டு வரணும்னே போனேன். தனக்கோடி வாசல்ல தனியா உக்காந்து முந்திரி உடைச்சுக்கிட்டு இருந்துச்சு. எந்திரிச்சு டீ போட்டுக் குடுத்துச்சு. மேகலா கதவு ஓரமா வந்து நின்னா. "எப்படிம்மா இருக்க?"ன்னு கேட்டேன். "நல்லா இருக்கேன் மேடம்." ரெண்டாவது தடவ போனப்பவும் அதே, "நல்லா இருக்கேன் மேடம்." டீயப் பாதியிலயே வச்சுட்டு வந்துட்டேன். இப்ப அந்தப் பக்கம் போறதில்ல.

இல்ல தம்பி, எழுதாதீங்க. கையெழுத்தெல்லாம் என்னால போட முடியாது. எனக்கு ஒரு பொழப்பு இருக்கு, அரியலூர்ல அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க. உங்க பேப்பர்ல இது ஏறினா யாரு கூப்பிடுவா என்னை? உங்ககிட்ட சொன்னதுலயே எனக்குப் பாதி பாரம் எறங்கிடுச்சு. நீங்க அங்க போறீங்கல்ல, நேரா அவகிட்டயே கேளுங்க. அவ வாயால சொல்லிட்டா நான் சொல்ல வேண்டியதில்ல பாருங்க. அதுதான் நல்லது, எல்லாருக்கும் நல்லது.

அந்த விரல் மெஷின மட்டும் அங்க வெளியில எடுக்காதீங்க. தனக்கோடி பாத்தா தாங்காது. எடுத்தே ஆகணும்னா இடது கையக் கேளுங்க.

அப்புறம், அந்த மூணு கேள்விய கேக்காதீங்க. வேலை, சம்பளம், சாப்பாடுன்னு ஆரம்பிச்சீங்கன்னா அவ டக்குனு ஒப்பிச்சுடுவா, நீங்களும் டிக் போட்டுட்டு வந்துடுவீங்க. வேற ஏதாவது கேளுங்க. என்ன கேக்குறதுன்னு எனக்கும் தெரியல. முந்திரி இந்த வருஷம் எப்படின்னு கேளுங்க. கேட்டுட்டு சும்மா உக்காந்திருங்க. அவ பேச மாட்டா, மூச்சு சத்தந்தான் கேக்கும். அது தயக்கம் இல்ல தம்பி. சொல்ல வர்றா. அவளுக்கு நேரமாகும்.

என்ன, மணி பாக்குறீங்க? இன்னைக்குள்ள இன்னும் ஆறு வீடு முடிக்கணுமா?

எனக்கும் அன்னைக்குப் போன் பண்ண இன்னும் எட்டு பேரு பாக்கி இருந்தாங்க.